ஒலியும் செவியும்

மனிதன் பெற்ற பேறுகளுள் தலைசிறந்தது பேச்சு. நன்கு பேசுவோரை நாம் போற்றுகிறோம்; அவர்தம் நாவன்மையை வியக்கிறோம். ஆனால் கேட்போரின் திறத்தை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பேசுதல் அருஞ்செயல் என்றால், பேசியதைக் கேட்டு உணர்தலும் அதற்கு ஒப்பான அருஞ்செயலே ஆகும். நாம் உறங்கி எழுந்தது முதல் மீண்டும் உறங்கும் வரை ஓயாது செய்யும் செயலாதலின் அதன் அருமை நமக்குப் புலப்படுவதில்லை. அவ்வருமையை ஒரு சிறு வேற்றுமையைக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

'பம்பரம்' என்னும் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அச்சொல்லில் பகரம் இருமுறை வருகிறது. எழுத்து ஒன்றே, இதழ்கள் பொருந்திப் பிரியும் முறையும் ஒன்றே. ஆயினும் சொல்லின் முதலில் நிற்கும் பகரமும், மகர மெய்யை அடுத்து நிற்கும் பகரமும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. முன்னது வன்மையாக ஒலிக்கிறது. பின்னது மென்மையாக ஒலிக்கிறது. 'தந்தை' என்னும் சொல்லிலும் இவ்வாறே முதலில் ஒரு தகர ஒலியையும் இறுதியில் வேறொரு தகர ஒலியையும் கேட்கலாம். பிறந்தது முதல் இச்சொற்களைக் கேட்டும் பேசியும் வந்த நாம் இவ்வேற்றுமையைக் கண்டதில்லை. காது இருந்தும் கேளாதது எதனால்?

இதற்கு விடை காணுமுன், இவ்விரு ஒலிகளும் எங்ஙனம் வேறுபடுகின்றன என்பதை அறிதல் வேண்டும். நுரையீரலிலிருந்து எழும் காற்று, கழுத்தில் உள்ள குரல்வளையின் வழியாக வாய்க்கு வருகிறது. குரல்வளையினுள் குரல் நாண்கள் என்னும் இரண்டு மெல்லிய மடிப்புகள் உள்ளன. அவை விலகி நின்றால் காற்று தடையின்றிச் செல்லும். அவை நெருங்கி நின்றால், மோதிச் செல்லும் காற்றினால் அதிரும். அவ்வதிர்வே குரல் எனப்படுவது. பேசும்போது ஆடவர் குரல் நாண்கள் ஒரு வினாடிக்கு 100 முறைக்கு மேலும், மகளிருடையவை ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. குரல் நாண்களின் அதிர்வோடு கூடிப் பிறப்பவை ஒலிப்புடை ஒலிகள்; அவ்வதிர்வின்றிப் பிறப்பவை ஒலிப்பிலா ஒலிகள்.

இதனை நீங்களே சோதித்து அறியலாம். கழுத்தின் முன்புறத்தில் குரல்வளையின்மேல் விரல்களை மெல்ல வைத்துக் கொள்ளுங்கள். பாம்பு சீறுவது போல 'ஸ்...' என்று நீட்டி ஒலியுங்கள். விரல்கள் ஓர் அதிர்வையும் உணரமாட்டா. பின்பு இதழ்களை மூடி 'ம்...' என்று நீட்டி ஒலியுங்கள். விரல்நுனியில் நடுக்கம் தோன்றும். முதலாவது ஒலிப்பிலா ஒலி. இரண்டாவது ஒலிப்புடை ஒலி. எழுத்துகள் பிறக்கும் முறையை நம் முன்னோர் நுணுகி ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என ஒரு தனி இயலே உண்டு. நெஞ்சு, மிடறு, தலை, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் எழுத்தொலிகள் பிறப்பதை அவ்வியல் விளக்குகிறது.

கழுத்தில் விரல் வைத்து ஒலியை அறிதல் வெறும் விளையாட்டு அன்று. உலகம் போற்றும் ஹெலன் கெல்லர் அம்மையார் (1880–1968) பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது நோயினால் கண்பார்வையையும் செவிப்புலனையும் இழந்தவர். அவர் 1890 ஆம் ஆண்டில் சாரா புல்லர் என்னும் ஆசிரியையிடம் வாய்பேசக் கற்கத் தொடங்கினார். பிறர் பேச்சை அவர் தம் கையினாலே 'கேட்டார்'. பேசுவோரின் குரல்வளைமீது கட்டைவிரலும், இதழ்மீது சுட்டுவிரலும், மூக்கின்மீது நடுவிரலும் வைத்து ஒலிகளை உணர்ந்தார். மூன்று இடங்களில் விரல் வைத்தது ஏன் என்பது எண்ணத்தக்கது. 'பம்பரம்' என்னும் சொல்லில் உள்ள இரண்டு பகர ஒலிகளும் மகரமும் இதழளவில் ஒன்றே. இதழசைவை மட்டும் கண்டு அவற்றைப் பிரித்தறிதல் இயலாது. மகரத்தின் மூக்கொலியை நடுவிரல் காட்டும். குரலின் அதிர்வு உண்டா இல்லையா என்பதைக் கட்டைவிரல் காட்டும். செவி ஒரு நொடியில் செய்து முடிக்கும் வேலையை அவ்வம்மையார் மூன்று விரல்களால் அரிதின் முயன்று செய்தார்.

இனி, தமிழில் இவ்வொலிகள் வருமிடங்களைக் காண்போம். க, ட, த, ப என்னும் வல்லின ஒலிகள் தமிழ்ச் சொற்களில் தம் மனம்போனவாறு மாறுவன அல்ல. சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் அவை ஒலிப்பிலா ஒலிகள்: கல், பல், பக்கம், பட்டம், பத்து, கப்பல். மெல்லினத்தை அடுத்து வரும்போது ஒலிப்புடை ஒலிகள்: பங்கு, வண்டு, பந்து, பாம்பு. உயிர்களுக்கு இடையே தனித்து வரும்போதும் அவை நெகிழ்ந்து மென்மையாகவே ஒலிக்கின்றன: அகம், பாடம், பதம், அபயம். சகர றகரங்களின் இயல்பு சிறிது வேறு. 1856 இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இவ்வொழுங்கை எடுத்து விளக்கியுள்ளார். வரும் இடத்தை அறிந்தால் ஒலியை அறியலாம். ஆதலின் ஒலிக்கொரு தனி எழுத்துத் தேவைப்படவில்லை. பொருளை வேறுபடுத்தாத ஒலி வேற்றுமையை மனம் பொருட்படுத்துவதில்லை. 'பம்பரம்' என்பதில் உள்ள இரு பகரங்களையும் நாம் ஒன்றெனக் கருதுவதற்குக் காரணம் இதுவே. குறை செவியில் இல்லை. தேவையற்றதை ஒதுக்கும் பழக்கத்தை மனம் பெற்றிருக்கிறது.

ஆங்கிலத்திலோ நிலைமை வேறு. அங்குச் சொல்லின் முதலில் வரும் பகர ஒலி, குரலோடு வந்தால் ஒரு பொருளையும், குரலின்றி வந்தால் வேறொரு பொருளையும் தரும். ஆதலின் ஆங்கிலேயர் இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகியுள்ளனர். ஆனால் அவர்கள் எதைக் கேட்டுப் பிரிக்கின்றனர்? அமெரிக்க ஒலியியல் அறிஞர்களான லீ லிஸ்கர், ஆர்தர் ஆபிரம்சன் என்னும் இருவரும் 1964 இல் பதினொரு மொழிகளின் சொல்முதல் ஒலிகளை அளந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். அப்பதினொன்றனுள் நம் தமிழும் ஒன்று. அடைத்திருந்த இதழோ நாவோ திறக்கும் நொடிக்கும், குரல் நாண்கள் அதிரத் தொடங்கும் நொடிக்கும் இடைப்பட்ட காலத்தை அவர்கள் அளந்தனர். குரல் முந்தி எழலாம், உடன் எழலாம், சற்றுப் பிந்தியும் எழலாம். இச்சிறு கால அளவே பெரும்பாலும் ஒலிகளை வேறுபடுத்துகிறது என்று அவர்கள் கண்டனர்.

ஆங்கிலத்தில் சொல்முதலில் வரும் ஒலிப்பிலாப் பகரம் ஒரு மூச்சொலியோடு வெடிக்கும். குரல் பிந்தியே எழும். தமிழில் 'பல்' என்னும்போது அத்தகைய மூச்சொலி இல்லை. இதழ் திறந்தவுடன் குரல் எழுந்துவிடுகிறது. எனவே, நம் வல்லோசைப் பகரம் ஆங்கிலேயர் செவிக்கு அவர்தம் மெல்லோசைப் பகரம் போலவே கேட்கும். 'திண்டுக்கல்' என்னும் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறையை நோக்குங்கள். 'ண்டு' என்பதில் மட்டுமன்று, முதலில் உள்ள தகரத்திற்கும் இரட்டித்த ககரத்திற்கும்கூட ஒலிப்புடை எழுத்துகளே இடப்பட்டுள்ளன. காற்றில் சென்ற ஒலி ஒன்றாயினும், கேட்ட செவிகள் வேறாதலின் கேட்கப்பட்ட ஒலியும் வேறாயிற்று.

குரல் எழும் காலம் ஒன்றே அடையாளமா எனின், அன்று. லிஸ்கர் 1957 இல் வேறொரு சோதனையை வெளியிட்டார். ஆங்கிலத்தில் விரைவு என்னும் கருத்துடைய 'ராப்பிட்' என்னும் சொல்லும், வெறிகொண்ட என்னும் கருத்துடைய 'ராபிட்' என்னும் சொல்லும் உள்ளன. முதற்சொல்லில் இதழ்கள் நெடுநேரம் மூடியிருக்கின்றன. இரண்டாவதில் குறுகிய நேரமே மூடியிருக்கின்றன. ஒலிநாடாவில் முதற்சொல்லின் இடையே உள்ள மௌனத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தபோது, கேட்டோர் அதனை இரண்டாம் சொல்லாக உணரத் தலைப்பட்டனர். குரல் சேர்க்கப்படவில்லை; மௌனமே குறைக்கப்பட்டது. ஆயினும் செவி வேறோர் ஒலியைக் கேட்டது!

இச்சொற்களைத் தமிழில் எழுதுகையில் நாம் செய்வதைப் பாருங்கள். ஒன்றில் பகரத்தை இரட்டிக்கிறோம். மற்றொன்றில் தனித்து நிறுத்துகிறோம். அடைப்பின் நீட்டமே வல்லோசைக்கு அடையாளம் என்பதை நம் எழுத்துமுறை இயல்பாகவே காட்டி நிற்கிறது. 'பாடு' என்பதையும் 'பாட்டு' என்பதையும் அருகில் உள்ள நண்பனிடம் கிசுகிசுத்துச் சொல்லிப் பாருங்கள். கிசுகிசுக்கும்போது குரல் நாண்கள் அதிர்வதில்லை. எனினும் நண்பன் இரண்டையும் தவறின்றி அறிந்துகொள்வான். தமிழ் வல்லினங்களை வேறுபடுத்துவது குரலா, நீட்டமா என்னும் வினாவை ஆராய்ந்து லிஸ்கர் 1958 இல் தனிக் கட்டுரையே எழுதினார்.

இவ்வாறே 1955 இல் பீட்டர் டெனஸ் என்பவர், சொல்லின் இறுதியில் வரும் ஒலியை ஆராய்ந்தார். அதற்கு முன் உள்ள உயிரொலியை நீட்டி, இறுதி மெய்யின் அளவைக் குறைத்தால், ஒலிப்பிலா மெய்யையும் ஒலிப்புடையதாகச் செவி கொள்ளும் என்று காட்டினார். ஆகவே, நீதிமன்றத்தில் நடுவர் பல சான்றுகளையும் தூக்கித் தீர்ப்பு வழங்குவது போல, உள்ளமும் குரல், மூச்சொலி, அடைப்பின் நீட்டம், முன்னின்ற உயிரின் அளவு ஆகிய பல சான்றுகளைக் கொண்டே 'இது இன்ன ஒலி' என முடிவு செய்கிறது.

இம்முடிவில் வியப்புக்குரிய மற்றொரு தன்மையும் உண்டு. குரல் எழும் காலத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒலிப்புடைப் பகரம் முதல் மூச்சொலியுடைய பகரம் வரை பல ஒலிகளைக் கருவியின் வாயிலாக வரிசையாக உண்டாக்கலாம். அவ்வரிசையைக் கேட்கும் ஆங்கிலேயர், ஒலி படிப்படியாக மாறுவதாக உணர்வதில்லை. ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால், குரல் ஏறத்தாழ 25 கூறு பிந்தும் வரை ஒரே ஒலியாகக் கேட்கின்றனர். அவ்வெல்லையைக் கடந்ததும் திடீரென மற்றோர் ஒலியாகக் கேட்கின்றனர். நிலம் ஒன்றே, இடையில் வரப்பு இட்டபின் இப்பால் ஒருவர் வயல், அப்பால் மற்றொருவர் வயல் ஆகிறது. அதுபோல உள்ளம் ஒலிப் பரப்பின் இடையே வரப்பு இடுகிறது. அவ்வரப்பு எல்லா மொழியினர்க்கும் ஒன்றன்று. லிஸ்கரும் ஆபிரம்சனும் 1970 இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாய்லாந்து மக்கள் அத்தகைய வரிசையில் மூன்று ஒலிகளைக் கேட்டனர். அவர்கள் மொழியில் மூன்றும் பொருள் வேறுபடுத்துவன. ஒரே நிலத்தில் ஆங்கிலேயர் இட்டது ஒரு வரப்பு. தாய்லாந்தினர் இட்டது இரண்டு வரப்பு.

இவ்வரப்பைப் பிறக்கும்போதே கொண்டுவருகிறோமா, பின்னர்க் கற்கிறோமா? 1971 இல் பீட்டர் ஐமாஸ் என்பவரும் அவர்தம் துணைவரும் ஒரு மாதமும் நான்கு மாதமும் நிரம்பிய குழந்தைகளைச் சோதித்தனர். பேசவறியாத குழந்தை தான் கேட்டதை எவ்வாறு சொல்லும்? குழந்தையின் வாயில் உறிஞ்சும் கருவி ஒன்றை இட்டனர். ஒரே ஒலியைக் கேட்டுச் சலித்த குழந்தை மெல்ல உறிஞ்சும். புதிய ஒலி கேட்டால் ஊக்கத்தோடு விரைந்து உறிஞ்சும். எல்லையைக் கடந்த மாற்றத்திற்கு அக்குழந்தைகள் விரைந்து உறிஞ்சின. எல்லைக்குள் நிகழ்ந்த அதே அளவு மாற்றத்தைப் பொருட்படுத்தவில்லை. 1975 இல் பட்ரீசியா கூல், ஜேம்ஸ் மில்லர் என்னும் இருவர், சிஞ்சில்லா என்னும் தென்னமெரிக்கக் கொறிவிலங்கும் பயிற்சி பெற்றபின் மனிதரைப் போலவே ஏறத்தாழ அவ்விடத்தில் ஒலியைப் பிரித்ததாகக் கண்டனர். ஆகவே இவ்வேற்றுமைக்குரிய வித்து செவியின் இயற்கையிலேயே அமைந்துள்ளது.

எனினும் வித்து முளைத்து வளர்வது மொழியென்னும் மண்ணுக்கு ஏற்றவாறே. 1984 இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்தியிலுள்ள தகர டகர வேற்றுமையை, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதங்களில் நன்கு உணர்ந்தன. அத்தகைய குழந்தைகளே ஓராண்டை நெருங்கும்போது பெரும்பாலும் அவ்வுணர்வை இழந்திருந்தன. இது குரலைப் பற்றிய வேற்றுமை அன்றாயினும் உண்மை ஒன்றே. குழந்தை உலகத்து மொழிகளுக்கெல்லாம் உரிய செவியோடு பிறக்கிறது. ஓராண்டிற்குள் தன் தாய்மொழிக்குரிய செவியைப் பெறுகிறது. தாயின் பேச்சில் இல்லாத வேற்றுமைகளை அது மெல்ல மறக்கிறது. உள்ளவற்றை மேலும் கூர்மையாக்கிக் கொள்கிறது.

செவி கொண்டுவருவதோடு மனம் தன் அறிவையும் சேர்த்துக்கொள்கிறது. 'கானம்' என்று எழுதினால் அது காட்டையும் குறிக்கும், இசையையும் குறிக்கும். முன்னதை வல்லோசையோடும், வடமொழியிலிருந்து வந்த பின்னதை மெல்லோசையோடும் ஒலிக்கிறோம். தீவினையைக் குறிக்கும் 'பாவம்' வேறு. நாட்டியத்தில் முகத்தில் தோன்றும் 'பாவம்' வேறு. எழுத்து வேற்றுமை காட்டாத இடத்தும் தொடர் வேற்றுமை காட்டுகிறது. 1980 இல் வில்லியம் கானாங் என்பவர் ஐயத்திற்கு இடமான ஒலிகளைக் கேட்கச் செய்தபோது, பொருளுள்ள சொல்லாக அமையும் ஒலியையே மக்கள் மிகுதியும் கேட்டனர். நாம் செவியினால் மட்டும் கேட்பதில்லை. கற்ற சொற்களினாலும் கேட்கிறோம்.

சந்தையின் இரைச்சலிலும், ஓடும் தொடர்வண்டியிலும் நாம் உரையாட முடிவது எதனால்? ஜார்ஜ் மில்லர், பட்ரீசியா நைஸ்லி என்னும் இருவர் 1955 இல் இரைச்சலினூடே ஆங்கில மெய்யொலிகளைக் கேட்கச் செய்து ஆராய்ந்தனர். இதழில் பிறந்ததா, பல்லில் பிறந்ததா, கடைநாவில் பிறந்ததா என்னும் வேற்றுமை இரைச்சலில் விரைவில் மறைந்தது. குரல் உண்டா இல்லையா என்னும் வேற்றுமையோ மிகுந்த இரைச்சலிலும் நிலைத்து நின்றது. பெருவெள்ளத்தில் சிறு செடிகள் மூழ்கினும் நெடுமரம் தலைதூக்கி நிற்பது போல்வது இது. மொழிகள் பலவும் இவ்வேற்றுமையைப் பொருள் உணர்த்தப் பயன்படுத்துவது வியப்பன்று.

ஒலிப்புடை ஒலிகளுக்குத் தனி எழுத்து இல்லாமை தமிழுக்குக் குறை என்று கூறுவோர் உண்டு. தமிழ்ச் சொற்களைப் பொறுத்தவரை அது குறையன்று என்பதை மேலே கண்டோம். கேட்போர்க்குத் தேவையானதை எழுத்து காட்டுகிறது. இடத்தினால் தானே விளங்குவதை விட்டுவிடுகிறது. ஆயினும் பிறமொழிச் சொற்கள் வந்து கலந்தபின் இடம் மட்டும் வழிகாட்டுவதில்லை. 'டிக்கெட்' என்பதன் முதலொலி வேறு. 'டிசம்பர்' என்பதன் முதலொலி வேறு. 'பேனா' வேறு, 'பலூன்' வேறு. இச்சொற்களைப் படிப்போர் எழுத்தால் அன்று, பழக்கத்தாலேயே சரியாக ஒலிக்கின்றனர். பழக்கம் இல்லாதவர் தடுமாறுவது இயல்பு.

அத்தடுமாற்றத்தைக் கண்டு நகைப்பது அறியாமை. ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ச் சிற்றூர்ச் சிறுவன் வல்லோசையோடு ஒலித்தால், அவன் அறிவிற் குறைந்தவன் என்று எண்ணிவிடலாகாது. அவன் செவி தன் தாய்மொழியை நன்கு கற்ற செவி. அதனாலேயே பிறமொழியின் வரப்பு அவனுக்குப் புலப்படவில்லை. நம் தகர டகரங்களைப் பிரித்தறிய இயலாத ஆங்கிலேயரும் அந்நிலையினரே. இந்நிலை மாற்றலாகாத ஒன்றும் அன்று. 1982 இல் டேவிட் பிசோனியும் அவர்தம் துணைவரும் ஆங்கிலம் பேசுவோர்க்குச் சிறிது காலம் பயிற்சி அளித்தபோது, தம் மொழியில் இல்லாத மூன்றாம் வகை ஒலியையும் அவர்கள் கண்டறியக் கற்றனர்.

ஆகவே மாணவர்களே! புதிய மொழி ஒன்றைக் கற்கப் புகும்போது நாவைப் பழக்குமுன் செவியைப் பழக்குங்கள். கூர்ந்து கேளுங்கள், கழுத்தில் விரல் வைத்து ஒலித்துப் பாருங்கள், இரு ஒலிகளையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடுங்கள். பிறர் ஒலிப்பில் பிழை காணும்போது இகழாது, அவர் செவிக்கு இன்னும் புலனாகாத வேற்றுமையைப் பொறுமையோடு காட்டுங்கள். நன்றாகப் பேசுவோர் நாட்டிற்குத் தேவை. நன்றாகக் கேட்போர் அவரினும் மிகுதியாகத் தேவை.